பள்ளி மாணவர்களின் இணைய அடிமைத்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் இணையப் பழக்கம் குறித்துப் பெற்றோரும் ஆசிரியர்களும், சில வேளைகளில் பிள்ளைகளே கூடவும், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் முதலில் கேட்பது கைப்பேசியை எப்படி நிறுத்துவது என்பதைத்தான். அதற்கு முன்பாக, அந்தக் கைப்பேசி பிள்ளைக்கு எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள விடைகள் பலவற்றிலும் அந்த எண்ணமே ஓடுகிறது.

இணைய அடிமைத்தனம் என்பது உண்மையிலேயே ஒரு நோயா?

இந்தப் பெயர் பிறந்த விதமே சற்று விந்தையானது. 1995இல் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் இவான் கோல்ட்பெர்க், எல்லாப் பழக்கங்களுக்கும் நோய்ப்பெயர் சூட்டும் போக்கைக் கேலி செய்வதற்காகவே 'இணைய அடிமைத்தனக் கோளாறு' என்ற ஒன்றைக் கற்பனையாக எழுதினார். ஆனால் அடுத்த ஆண்டே உளவியலாளர் கிம்பர்லி யங், சூதாட்டப் பழக்கத்தைக் கண்டறியும் அளவுகோலை இணையத்துக்கு ஏற்ப மாற்றி, 8 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கி, அவற்றுள் ஐந்துக்கு 'ஆம்' என்று விடையளிப்பவர்களின் வாழ்க்கையில் உண்மையான சிதைவு இருப்பதைக் காட்டினார். கேலியாகத் தொடங்கியது அதன் பிறகு ஆய்வுப் பொருளாகவே நிலைத்துவிட்டது.

இன்றைய நிலை இதுதான்: அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், 'இணைய விளையாட்டுக் கோளாறு' என்பதை மேலும் ஆராயப்பட வேண்டிய ஒன்றாகக் குறிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே சென்று, 2019ஆம் ஆண்டு மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதை ஒரு நோயாகவே சேர்த்தது. சமூக ஊடகமோ குறுங்காணொளிகளோ தனி நோயாக அதில் பெயரிடப்படவில்லை. பெயர் இல்லாததால் துன்பம் இல்லை என்று ஆகிவிடாது. அதே வேளையில், கைப்பேசியும் கையுமாக இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் நோயாளிகளாக எண்ணிவிடவும் கூடாது.

'அடிமை' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சின் வசதிக்காக நாம் அதைப் பயன்படுத்துகிறோம், இந்தப் பக்கத்தின் தலைப்பிலும் அது இருக்கிறது. ஆனால் பிள்ளையின் முகத்துக்கு நேரே "நீ போனுக்கு அடிமை ஆகிவிட்டாய்" என்று சொல்லும்போது, மீள வழியில்லாத ஒரு நிலையை அவனுக்கு நாமே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடுகிறது. வீட்டுக்குள் 'பழக்கம்' என்ற சொல்லே போதும். பழகியதை மாற்றிக்கொள்ளலாம் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரத்துக்கு மேல் போனால் அது அடிமைத்தனம்?

அப்படி ஓர் எண் இல்லை. விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் அமர்ந்து நிரல் எழுதக் கற்கும் மாணவியும், தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு மணி நேரம் காணொளிகளைத் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டுத் தன்னையே நொந்துகொள்ளும் மாணவனும் ஒரே அளவுகோலில் அடங்கமாட்டார்கள். மணிக்கணக்கைக் கேட்பதைவிட, அந்த மணிகள் எதை விழுங்கிவிட்டு வந்தன என்று கேட்பது பயனுள்ளது. தூக்கம், உடல் அசையும் விளையாட்டு, நேரில் பழகும் நட்பு, வீட்டுப்பாடம், குடும்பத்தோடு உண்ணும் ஒரு வேளை உணவு ஆகிய ஐந்தும் குலையாமல் இருக்கின்றன என்றால், மிஞ்சிய நேரத்தில் பிள்ளை கைப்பேசியோடு இருப்பதைப் பற்றிப் பெரிதாகக் கலங்க வேண்டியதில்லை.

அப்படியானால் எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை விளையாட்டைப் பற்றியதே என்றாலும், மற்ற இணையப் பழக்கங்களையும் எடைபோட அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். தொடங்குவதும் முடிப்பதும் தன் கட்டுக்குள் இல்லாமல் போவது முதலாவது. மற்ற எல்லா ஈடுபாடுகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு அது ஒன்றே முன்னுக்கு வருவது இரண்டாவது. தீங்கு நேர்வது கண்கூடாகத் தெரிந்த பிறகும் தொடர்வதும் அதிகரிப்பதும் மூன்றாவது. இந்த மூன்றும் சேர்ந்து, படிப்பையோ உறவுகளையோ உடல்நலத்தையோ குறிப்பிடத்தக்க அளவு குலைத்து, பொதுவாக 12 மாத காலமாவது நீடித்தால்தான் மருத்துவர் அதைக் கோளாறு என்று அழைப்பார். நிலை கடுமையாக இருந்தால் இந்தக் காலவரையறை குறையலாம்.

வீட்டில் இது வேறு உருவங்களில் தெரியும். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கேட்டால் பொய் வரும். முன்பு விரும்பிச் செய்தவை, ஓவியமோ கால்பந்தோ பாட்டோ, ஒவ்வொன்றாக உதிரும். இணைப்பு துண்டிக்கப்பட்டால் வரும் எரிச்சல், நடந்ததற்கு ஈடில்லாத அளவு பெரிதாக இருக்கும். இவற்றுள் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது, முன்பு விரும்பியவை உதிர்வதைத்தான். ஏனென்றால் சினமும் பொய்யும் அந்த வயதில் வேறு காரணங்களாலும் வரும்.

பெரியவர்களும்தான் கைப்பேசி பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இது கூடுதல் ஆபத்து?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்புறப் பகுதியே திட்டமிடுதல், பொறுத்திருத்தல், 'போதும்' என்று முடிவெடுத்தல் ஆகியவற்றுக்குப் பொறுப்பானது. அது முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. ஆனால் இன்பத்தையும் பாராட்டையும் நாடத் தூண்டும் பகுதிகள் வளரிளம் பருவத்திலேயே மிகுந்த விழிப்போடு இயங்கத் தொடங்கிவிடுகின்றன. இதற்கு மேல், நண்பர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது வாழ்வா சாவா என்ற அளவுக்குப் பெரிதாகத் தெரியும் வயது அது. நண்பர்களின் பாராட்டை விருப்பக்குறியாக எண்ணிக் காட்டும் ஒரு கருவியை அந்த வயதில் கையில் கொடுக்கிறோம். மனத்தின் உறுதி குறைவு என்று பிள்ளையைக் குறை சொல்வது இந்த இடத்தில் நியாயமாகாது.

செயலிகள் வேண்டுமென்றே இப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றனவா?

பயனரைத் தங்க வைப்பதற்காகவே செய்யப்பட்டிருக்கின்றன என்று சொல்வதே சரி. பல செயலிகளுக்கு விளம்பரமே வருமானம். விளம்பரத்துக்கு வேண்டியது பார்ப்பவரின் நேரம். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தன் சோதனைகளில் கண்ட ஓர் உண்மை இங்கே வேலை செய்கிறது: ஒவ்வொரு முறையும் தவறாமல் கிடைக்கும் பரிசைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே உயிரினங்களை விடாமல் முயலச் செய்கிறது. காணொளிகளை விரலால் தள்ளும்போது நடப்பதும் இதுவே. ஐந்து சலிப்பூட்டும், ஆறாவது சிரிக்க வைக்கும். அடுத்தது எது என்று தெரியாததே விரலை நகர்த்துகிறது. டோபமைன் என்னும் வேதிப்பொருளும் இன்பத்தை அனுபவிக்கும் கணத்தைவிட, எதிர்பாராத இன்பம் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்போடுதான் நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது.

பக்கத்துக்கு முடிவே இல்லாமல் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும் வடிவமைப்பை 2006இல் உருவாக்கிய ஏசா ரஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். புத்தகத்தில் அத்தியாயம் முடியும் இடத்தில் மனம் ஒரு நொடி நின்று, தொடரலாமா என்று யோசிக்கும். அந்த ஒரு நொடியைத்தான் இந்த வடிவமைப்பு எடுத்துவிட்டது. தானாகவே ஓடத் தொடங்கும் அடுத்த காணொளி, ஒரு நாள் தவறினால் அறுந்துபோகும் தொடர்நாள் கணக்கு, இரவில் மின்னும் அறிவிப்பு ஆகியவை எல்லாம் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். "நீ பலவீனமானவன்" என்ற பேச்சைவிட, "உன் நேரத்தை வாங்குவதற்காக இது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, பார்" என்ற பேச்சை அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள், ஏனென்றால் ஏமாற்றப்படுவதை எந்தப் பதின்பருவத்தினரும் விரும்புவதில்லை.

தூக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெற்றோர் ஒரே ஒரு விடையைத்தான் படிக்கப் போகிறார்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. பருவமடையும்போது உடலின் உள்கடிகாரம் இயல்பாகவே பின்னுக்கு நகர்கிறது. இரவில் உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரவு பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்பது பெரும்பாலும் பிடிவாதம் அன்று, உடலின் நிலை. ஆனால் பள்ளி மணி அந்த உடலுக்காகக் காத்திருப்பதில்லை.

ஏற்கெனவே இறுகிப்போன இந்த இடைவெளிக்குள்தான் கைப்பேசி நுழைகிறது. திரையின் ஒளி மெலடோனினை மேலும் தாமதப்படுத்துகிறது. ஒளியைவிடவும் உள்ளடக்கம் விழிப்பைத் தூண்டுகிறது: பாதியில் விட்டுவர முடியாத குழு விளையாட்டு, விடை சொல்லாவிட்டால் நட்பு கெட்டுவிடுமோ என்று அஞ்ச வைக்கும் உரையாடல், இன்னும் ஒன்றே ஒன்று என்று நீளும் காணொளி. மறுநாள் குறைத்தூக்கத்தோடு எழும் பிள்ளைக்கு எரிச்சல் மிகும், கவனம் சிதறும், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனும் குன்றும். அந்தக் குன்றிய திறனோடு மாலையில் மறுபடியும் கைப்பேசியை எடுத்தால் முன்னிலும் நீண்ட நேரம் ஆகும். இந்தச் சுழலை எங்காவது வெட்ட வேண்டும் என்றால், தூக்கத்தில்தான் வெட்ட வேண்டும். பகல் முழுவதையும் கட்டுப்படுத்த முயன்று தோற்கும் குடும்பம், இரவு ஒன்றை மட்டும் காப்பாற்றினாலே சில வாரங்களில் வேறுபாட்டைக் காணலாம்.

அதற்கு ஒரு விதி போதும்: உறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் படுக்கையறைக்கு வெளியே ஓர் இடத்தில் மின்னேற்றத்துக்குப் போக வேண்டும். 'எல்லா' என்பதில் தந்தையுடையதும் தாயுடையதும் அடங்கும். எழுப்புவதற்குக் கைப்பேசி வேண்டும் என்ற வாதம் கட்டாயம் வரும். அதற்கு ஓர் அலாரக் கடிகாரத்தை வாங்கி வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

மதிப்பெண் குறைவதற்கு இணையம்தான் காரணமா?

சில வேளைகளில் காரணம், சில வேளைகளில் விளைவு. கணக்கு புரியாமல் வகுப்பில் கூனிக் குறுகும் மாணவனுக்கு, இணைய விளையாட்டில் மட்டுமே தான் கெட்டிக்காரன் என்ற உணர்வு கிடைக்கிறது. அவனிடமிருந்து விளையாட்டை எடுத்துவிட்டால் கணக்கு புரிந்துவிடாது. எது முன்னால் வந்தது என்று நாள்களை எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் சரிவு முன்னதாகவும் கைப்பேசிப் பெருக்கம் பின்னதாகவும் இருந்தால், முதலில் தேவைப்படுவது பாடத்தில் கைகொடுக்கும் ஓர் ஆசிரியர்.

படிக்கும்போதே பக்கத்தில் கைப்பேசி இருப்பது மற்றொரு சிக்கல். மனம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்வதில்லை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் விட்ட இடத்தைப் பிடிக்க நேரம் செலவாகிறது. ஆகவே மூன்று மணி நேரம் படித்தேன் என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்வதாக எண்ண வேண்டாம். அவள் மேசை முன் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தது உண்மைதான், படிப்பு மட்டும் துண்டு துண்டாகிப் போனது.

ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் வேறுபாடு உண்டா?

பொதுவாகப் பார்த்தால், விளையாட்டில் மூழ்குவோரில் சிறுவர்களும், சமூக ஊடகத்தில் மூழ்குவோரில் சிறுமிகளும் அதிகம். இதனால் ஒரு பிழை நேர்கிறது: சத்தமிட்டு விளையாடும் பையனின் பழக்கம் வீடு முழுவதும் தெரிகிறது, அறைக்குள் அமைதியாகத் தன் தோற்றத்தைப் பிறர் தோற்றத்தோடு ஒப்பிட்டு வாடும் பெண்ணின் பழக்கம் யாருக்கும் தெரிவதில்லை.

கைப்பேசியை ஒரேயடியாகப் பறித்துவிட்டால் என்ன?

பல பெற்றோர் இதைச் செய்துவிட்டுத்தான் உதவி தேடி வருகிறார்கள். பறித்தவுடன் வரும் கொந்தளிப்பு இயல்பானதே. பழகிய பரிசு திடீரென நின்றால், அதைப் பெறுவதற்கான முயற்சி அடங்குவதற்கு முன் ஒருமுறை ஓங்கி எழும் என்பது உளவியலில் நன்கு அறியப்பட்ட ஒன்று. அழுகை, கதவடைப்பு, உண்ண மறுப்பு என்று அது வரும். அதைக் கண்டு அஞ்சிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், ஓங்கி அழுதால் கிடைக்கும் என்ற பாடத்தையே பிள்ளை கற்கிறது. எனவே காப்பாற்ற முடியாத விதியை விதிக்காமல் இருப்பதே நல்லது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. புதிய ஊருக்கு மாறி வந்த பிள்ளைக்குப் பழைய நண்பர்கள் அந்தக் கைப்பேசிக்குள்தான் இருக்கிறார்கள். வகுப்பில் கேலி செய்யப்படும் பிள்ளைக்கு அது மறைவிடம். பெற்றோரின் சண்டை கேட்கும் வீட்டில் அது காதை மூடும் கை. மாற்று எதையும் கொடுக்காமல் அதைப் பறிப்பது, ஊன்றுகோலை எடுத்துவிட்டு நடக்கச் சொல்வது போன்றது. உயிருக்கே ஆபத்தான சூழல், பெரியவர் ஒருவர் இணையம் வழியாகப் பிள்ளையை மிரட்டுவது அல்லது வசப்படுத்துவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளத் தூண்டும் குழுக்கள் ஆகியவற்றில் மட்டும் உடனடியாகத் தலையிடத்தான் வேண்டும். அப்போதும் பிள்ளையைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது.

பிறகு எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனிப்பதிலிருந்து. கைப்பேசியின் அமைப்புகளிலேயே எந்தச் செயலி எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்ற கணக்கு இருக்கிறது. அதைப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து பாருங்கள், உங்களுடையதையும் காட்டுங்கள். பிறகு, இதில் எது உனக்குப் பிடித்திருந்தது, எது வீண் என்று தோன்றுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே ஒன்றிரண்டைச் சுட்டுவார்கள். அவர்கள் சுட்டியதிலிருந்து தொடங்கும் குறைப்பு நிலைக்கும்.

அதன்பின் தேவையற்ற அறிவிப்புகளை அணைப்பது, தானாக ஓடும் காணொளியை நிறுத்துவது, அதிக நேரம் தின்னும் செயலியை முகப்புத் திரையிலிருந்து எடுப்பது என்று சிறு தடைகளை வைக்கலாம். விளையாட்டுகளுக்கு மணிக்கணக்கைவிட ஆட்டக்கணக்கு நல்லது. ஆட்டத்தின் நடுவில் அணைக்கச் சொன்னால் அணியினரைக் கைவிட்ட பழி பிள்ளைமேல் விழும், "இந்த ஆட்டத்தோடு சரி" என்றால் சண்டை குறையும். காலியாகும் நேரத்தை எதனால் நிரப்புவது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். காலி நேரம் வெறுமனே விடப்பட்டால் திரை மீண்டும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

கண்காணிப்புச் செயலி பயன்படுத்தலாமா?

வயது குறைந்த பிள்ளைக்கு, அதன் அறிவோடு, வரம்புகளை அமைப்பது சரியே. பிள்ளைக்குத் தெரியாமல் உளவு பார்ப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது ஒருநாள் வெளிப்படும். அன்றைக்குப் பிறகு, உண்மையான ஆபத்து வரும்போதும் பிள்ளை உங்களிடம் வந்து சொல்லாது.

சட்டம் போட்டோ, பள்ளியில் தடை செய்தோ இதைத் தீர்க்க முடியாதா?

முயன்ற நாடுகள் உண்டு. தென்கொரியா 2011இல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு விளையாடத் தடை விதித்தது. அந்தச் சட்டம் கணினி விளையாட்டுகளையே முதன்மையாகக் குறிவைத்திருந்தது. பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டுக்கு மாறிவிட்ட பிறகு அது பொருளிழந்து, 2022 தொடக்கத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. சீனா 2021இல், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டை அனுமதித்தது. பிரான்ஸ் 2018இல் பள்ளிகளில் கைப்பேசிக்குத் தடை கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்தது. அதில் தண்டனை நிறுவனங்களுக்கே, பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ இல்லை. பொறுப்பை நிறுவனங்கள்மீது வைக்கும் இந்தத் திசை எனக்குச் சரியாகப் படுகிறது.

பள்ளி நேரத்தில் கைப்பேசி இல்லாமல் இருப்பதற்கு நான் ஆதரவாளன். இடைவேளையில் எல்லோருமே கைப்பேசி இல்லாமல் இருக்கும்போதுதான் பேச்சும் விளையாட்டும் நடக்கும்; ஒரு பிள்ளை மட்டும் இல்லாமல் இருந்தால் அது தனித்து விடப்படும். ஆனால் இரவு பத்து மணிக்குப் பிறகு நடப்பதை எந்தப் பள்ளி விதியும் எட்டாது. மேலும், வீட்டுப்பாடத்தை இரவில் செயலி வழியாக அனுப்பும் பள்ளி, பிள்ளைகள் இரவில் கைப்பேசி பார்ப்பதைக் குறை கூறும் முன் தன் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எப்போது மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும்?

பள்ளிக்கே போக மறுப்பது, பகலிரவு தலைகீழாவது, உடல் எடை சட்டெனக் கூடுவது அல்லது குறைவது, வன்முறை, வீட்டுப் பணத்தை ரகசியமாக விளையாட்டில் செலவிடுவது ஆகியவற்றுள் ஏதேனும் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். சாவைப் பற்றியோ தன்னை வருத்திக்கொள்வதைப் பற்றியோ பிள்ளை ஒரு சொல் சொன்னாலும், அதைக் கைப்பேசிக்கான மிரட்டல் என்று எண்ணித் தள்ளாமல், அன்றே உதவி நாட வேண்டும்.

நல்ல வல்லுநர் முதலில் கைப்பேசியைப் பற்றிப் பேசமாட்டார். மனச்சோர்வு, பழகுவதில் அச்சம், கவனக்குறைவு மிகைசெயல்பாட்டுக் கோளாறு ஆகியவை இந்தப் பழக்கத்தோடு அடிக்கடி சேர்ந்தே காணப்படுவதால், அவை உள்ளனவா என்று பார்ப்பார். அடிப்படைக் கோளாறு கவனிக்கப்படாமல் திரை நேரம் மட்டும் குறைக்கப்பட்டால் பயன் நிலைப்பதில்லை. இதற்கென்று தனி மாத்திரை எதுவும் இல்லை. எண்ணங்களையும் செயல்களையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே பெரிதும் பயன்படுத்தப்படுகிறது, குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால் அது வலுப்பெறும். இரண்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு விடுமுறையில் பழைய நிலைக்குத் திரும்பினால், சிகிச்சை தோற்றதாக முடிவுகட்ட வேண்டாம். எந்த நாளில், எந்த மனநிலையில் சறுக்கல் நேர்ந்தது என்பது அடுத்த முறைக்கு மிகவும் பயன்படும் தகவல்.

நான் ஒரு மாணவி. நானே நிறுத்த விரும்புகிறேன், ஆனால் முடியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை உங்களால் கேட்க முடிந்ததே கடினமான பகுதியைத் தாண்டிவிட்டீர்கள் என்பதைக் காட்டுகிறது. நாளை முதல் தொடவே மாட்டேன் என்று உறுதி எடுக்காதீர்கள். அது உடையும்போது உங்கள்மீதே வெறுப்பு வரும், அந்த வெறுப்பை மறக்க மீண்டும் கைப்பேசியைத்தான் எடுப்பீர்கள். இந்த வாரத்துக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். கைப்பேசியை எடுக்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும், எடுப்பதற்கு முன், அந்த நேரத்தில் என்ன உணர்வு இருந்தது என்று ஒரு தாளில் ஒரே சொல்லில் எழுதுங்கள்: சலிப்பு, பயம், தனிமை, சோர்வு, எதுவாக இருந்தாலும். எழுதிவிட்டு எடுத்தாலும் பரவாயில்லை. வார முடிவில் எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறதோ, அந்தத் தாளோடு, நீங்கள் நம்பும் ஒரு பெரியவரிடம் போங்கள். அம்மாவோ அப்பாவோ ஆசிரியரோ, யாராக இருந்தாலும், கைப்பேசியைப் பற்றி எதுவும் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் பேசத் தொடங்குங்கள்.